அழைத்தவர் பின்னர் என்ன ஆனார்?



இடுக்கண் உற்றோருக்குச் சமூகம் செய்துவரும் உதவிகளை எங்ஙனம் மதிப்பிடுவது என்பது இன்று எனக்கு அளிக்கப்பட்ட பொருள். பொருள் மிக விரிந்தது. வெள்ளத்தில் வீடிழந்தவர், கணவனின் அடிக்கு அஞ்சி நள்ளிரவில் குழந்தையோடு வெளியேறியவள், குடியினால் வேலை போனவன், பெற்ற மகனாலேயே கைவிடப்பட்ட முதியவர் ஆகிய எல்லாருமே இடுக்கண் உற்றோர்தாம். அவர்களுக்கென அமைந்த இல்லங்களும் முகாம்களும் தொலைபேசி உதவிகளும் பலதிறத்தன. அவை அனைத்தையும் ஒரு மாலைப் பொழுதில் தொட்டுத் தொட்டுச் செல்வதினும், ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் அடிவரை சென்று பார்ப்பது நலம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு தனியே போராடுகின்றவர்களுக்குத் துணை நிற்கும் பணியையே பேச எடுத்துக்கொள்கிறேன். மதிப்பீடு என்பது மிகவும் கடினமாகும் இடம் அதுவே என்பதுதான் நான் அதனைத் தேர்ந்ததற்குக் காரணம். பசித்தவனுக்குச் சோறிட்டால் அவன் உண்டதைக் கண்ணால் காண்கிறோம். கூரை இழந்தவனுக்குக் கூரை வேய்ந்தால் அது நின்றதைக் காண்கிறோம். இங்கோ வெற்றி என்பது ஒரு காரியம் நடவாமற் போவது. நடவாத காரியத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதைக் கேட்கத் தொடங்கினாலே தொண்டர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஊதியம் பெறாது, உறக்கம் விழித்து, முன்பின் அறியாதவரின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எங்களையும் அளவுகோலிட்டு அளப்பதா என்கிறார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆயினும் நல்லெண்ணம் பரீட்சைக்கு விலக்கு ஆகாது. உயிரோடு சம்பந்தப்பட்ட காரியத்தில் அது பரீட்சையைத் தானே வலிய வேண்டிக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அளக்கலாமா என்ற விவாதத்தை அவ்வளவோடு நிறுத்தி, எதைக்கொண்டு அளப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

இவ்வகைத் தொண்டின் வரலாற்றில் மிகுந்த படிப்பினை தருவது இங்கிலாந்து தேசத்தில் நடந்த ஒரு சம்பவத் தொடர். 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், லண்டன் மாநகரின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் என்னும் தேவாலயத்துப் பாதிரியார் சாட் வாரா என்பவர், சாவை எண்ணுகிறவர்கள் தம்மோடு தொலைபேசியில் பேசலாம் என்று அறிவித்தார். இளம் குருவாக இருந்த காலத்தில், தன் உடலில் இயல்பாக நேர்ந்த ஒரு மாறுதலை நோயென்று அஞ்சி உயிர்விட்ட சிறுமி ஒருத்திக்கு ஈமச் சடங்கு செய்து வைக்க நேர்ந்தது அவர் மனத்தை விட்டு அகலாமல் இருந்ததாம். அறிவிப்பைக் கண்டு அழைத்தவர்களும் நேரில் வந்தவர்களும் பலர். பாதிரியார் ஒருவர்பின் ஒருவராகப் பார்த்து முடிக்கும்வரை, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சாதாரண மனிதர்கள் சிலர் முன்வந்தார்கள். அப்போதுதான் ஓர் ஆச்சரியம் வெளிப்பட்டது: காத்திருந்தவர்களுள் பலர், தேநீர் கொடுத்தவரிடமே மனம் விட்டுப் பேசி ஆறுதல் அடைந்து, பாதிரியாரைப் பாராமலே திரும்பிவிட்டார்கள். அதைக் கண்ட அப்பெரியார், சில மாதங்களுக்குள், 1954ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, பணியைத் தொண்டர்கள் கையில் ஒப்படைத்தார். சமாரிட்டன்கள் என்னும் ஸ்தாபனம் பிறந்தது இவ்வாறு. கொழும்பில் 1974இல் தோன்றிய சுமித்ரயோவும், சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் நிறுவிய ஸ்நேகாவும் அதே நெறியில் வந்தவை. மருத்துவரல்லாத ஒருவர், நண்பராக அமர்ந்து செவிசாய்ப்பதே ஒரு சிகிச்சை என்பது இவற்றின் மூலக் கொள்கை.

அக்கொள்கை உண்மைதானா என்று அளக்க முயன்றவர்களுள் முற்பட்டவர் பேக்லி என்பவர். 1968இல் அவர், சமாரிட்டன் கிளை ஏற்பட்ட பதினைந்து நகரங்களை எடுத்துக்கொண்டு, அவற்றோடு ஒத்த இயல்புடைய, கிளை ஏற்படாத நகரங்களை வைத்து ஒப்பிட்டார். கிளை இருந்த ஊர்களில் தற்கொலை விகிதம் சற்றே குறைந்திருந்தது. இல்லாத ஊர்களில் ஏறியிருந்தது. இதைவிட வேறு பிரமாணம் வேண்டுமா என்று தொண்டர்கள் மகிழ்ந்தார்கள். அக்காலத்தில் தேசம் முழுவதுமே விகிதம் இறங்கிக்கொண்டு வந்தது. 1963இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,714 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்றால், 1975இல் அத்தொகை 3,693 ஆயிற்று. ஐரோப்பாவின் பிற தேசங்கள் பலவற்றில் ஏறுமுகமாக இருந்தபோது இங்கிலாந்தில் இறங்குமுகம். அதே காலத்தில் சமாரிட்டன் கிளைகளோ ஊருக்கு ஊர் பெருகிக்கொண்டிருந்தன. காரணமும் காரியமும் கைகோத்து நடப்பதுபோல் இருந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1978இல், ஜென்னிங்ஸ், பாரக்ளோ, மாஸ் என்னும் மூவர் அதே ஒப்பீட்டை மேலும் கண்டிப்பான முறைகளால், ஒப்பிடும் ஊர்களை இன்னும் கவனமாகப் பொறுக்கி எடுத்து, மறுபடி செய்து பார்த்தார்கள். கிளை இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் வேற்றுமை ஒன்றும் தென்படவில்லை. அப்படியானால் அந்த இரண்டாயிரம் உயிர்களைக் காத்தது யார்? அதற்கு விடை இரண்டாண்டுகள் முன்னரே கிடைத்திருந்தது. எடின்பரோவைச் சேர்ந்த கிரைட்மன் என்னும் மருத்துவர், அந்நாட்டு வீடுகளில் அடுப்பெரிக்கக் குழாய்வழியே வந்துகொண்டிருந்த நிலக்கரி வாயுவில் இருந்த நச்சு, உற்பத்தி முறை மாறியதாலும் பின்னர் வடகடலின் இயற்கை வாயு வந்ததாலும் படிப்படியாக நீங்கியதையும், அந்நச்சினால் நேர்ந்த மரணங்கள் அதே அளவில் அற்றுப்போனதையும், வேறு வழியை நாடியவர் தொகை அதற்கு ஈடாக உயரவில்லை என்பதையும் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். உயிர்களைக் காக்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு தொழில்மாற்றம், கருணையே வடிவான ஒரு ஸ்தாபனத்தின் பெயரில் வரவு வைக்கப்பட்டிருந்தது!

இதைக் கேட்டவுடன், சமாரிட்டன்கள் வீண்வேலை செய்தார்கள் என்று தீர்ப்பெழுதுவோரும் உண்டு. அது முன்னதைப் போன்றதே ஆன மற்றொரு பிழை. ஒரு நகரத்தின் மரண விகிதத்தை ஆயிரம் காரணங்கள் ஏற்றும், இறக்கும். தொண்டர் குழு ஒன்று அந்நகரத்தில் சாவை எண்ணுவோருள் நூற்றுக்குச் சிலரையே எட்டுகிறது. அழைப்பவர்களுள் இளையோரும் பெண்களும் மிகுதி. இங்கிலாந்தில் இறந்துபட்டவர்களுள் முதியோரும் ஆண்களும் மிகுதி. இரு கூட்டமும் ஒன்றல்ல. அப்படியிருக்க, ஊர் முழுவதன் விகிதத்தைக்கொண்டு அக்குழுவை அளப்பது, விறகுக் கடைத் தராசில் குன்றிமணியை வைத்து நிறுப்பதை ஒக்கும். முள் அசையவில்லை என்றால் குன்றிமணிக்கு எடையே இல்லை என்று பொருளாகுமா? பேக்லி கண்ட இறக்கமும் மூவர் கண்ட சமநிலையும் அத்தராசின் குணத்தைச் சொல்கின்றனவே அன்றித் தொண்டின் குணத்தைச் சொல்லவில்லை.

நம் நாட்டிலோ அத்தராசே பழுதுபட்டது. தற்கொலைக் கணக்கு இங்கே போலீசுப் பதிவேட்டிலிருந்து பிறக்கிறது. குடும்ப மானம் கருதியும் வழக்குக்கு அஞ்சியும் மறைக்கப்படும் மரணம் எத்தனை என்பதை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் செய்த ஆராய்ச்சி ஓரளவு புலப்படுத்தியது. 1994 முதல் 1999 வரை அங்கு நேர்ந்த ஒவ்வொரு மரணத்தையும், வீட்டாரிடம் விசாரித்துக் காரணம் அறியும் முறையில் அவர்கள் ஆராய்ந்தபோது, ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 95 பேர் தம் கையாலேயே மாண்டிருந்தார்கள். அந்த ஆண்டுகளில் அரசாங்கப் பதிவேடு தேசம் முழுமைக்கும் சொல்லிவந்த விகிதம் லட்சத்துக்குப் பத்துப் பதினொன்று. அதே விசாரணை முறையில் 2010ஆம் ஆண்டுக்குத் தேசம் தழுவிக் கணித்தபோது ஏறத்தாழ 1,87,000 மரணங்கள் என்று வந்தது. போலீசுக் கணக்கு ஏறத்தாழ 1,34,600. எஞ்சிய ஐம்பதினாயிரம் பேர் எங்கே போனார்கள்? நம் நாளிதழ்களில் காலங்காலமாக வரும் ‘தீராத வயிற்றுவலி’யின் பின்னே ஒரு பகுதியினர் ஒளிந்திருக்கக்கூடும், வேறு சிலர் விபத்தில் இறந்தவராகப் பதிவாகி இருப்பார்கள்.

2022ஆம் ஆண்டுப் போலீசுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர் 19,834 பேர், லட்சத்துக்கு 25.9, அகில இந்திய விகிதம் 12.4. இதைக் கண்டு நாம் தலைகுனிய வேண்டுமா, அல்லது பிற மாநிலங்களைவிட நாம் ஒழுங்காக எழுதிவைக்கிறோம் என்று ஒரு பங்கு ஆறுதல் கொள்ளலாமா? இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டம், 2030க்குள் இம்மரணங்களை நூற்றுக்குப் பத்துக் குறைப்பதாக உறுதி கூறுகிறது. குறிக்கோள் நன்று. ஆனால் அத்திட்டம் மெய்யாகவே வெற்றி பெற்று, மக்களுக்கு நாணமும் அச்சமும் நீங்கி, வயிற்றுவலிகள் எல்லாம் தம் சொந்தப் பெயரில் பதிவாகத் தொடங்கினால், முதற் சில ஆண்டுகளில் எண்ணிக்கை குறையாது, கூடும். அப்போது திட்டம் தோற்றது என்று எழுதப் போகின்றவர்களை இப்போதே என் கண்முன் காண்கிறேன்.

ஊர் விகிதம் உதவாது என்றால், ஸ்தாபனங்கள் தாமே முன்வைக்கும் கணக்கு உதவுமா? அவற்றின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் முதற் பக்கத்தில் நிற்பது அழைப்புகளின் தொகை. சென்ற ஆண்டு இத்தனை ஆயிரம், இந்த ஆண்டு இத்தனை ஆயிரம், வளர்ச்சி நூற்றுக்கு இவ்வளவு. துணிக்கடையில் விற்பனை ஏறியது நற்செய்தி. துயர்ப்படுவோர் அழைக்கும் இடத்தில் அழைப்பு ஏறியது எவ்வகைச் செய்தி? ஊரில் துன்பம் பெருகிற்று என்பதா, ஸ்தாபனத்தின் மேல் நம்பிக்கை பெருகிற்று என்பதா, விளம்பரப் பலகை நல்ல இடத்தில் மாட்டப்பட்டது என்பதா? தொகை அதைச் சொல்லாது. அந்தத் தொகைக்குள் ஒரே மனிதர் நூறுமுறை அழைத்ததும் உண்டு. எடுத்தவுடன் துண்டிக்கப்பட்டதும், ஒன்றும் பேசாமல் மூச்சொலி மட்டும் கேட்டதும், குறும்பர் செய்ததும் உண்டு. அந்த மௌன அழைப்பை இளக்காரமாக எண்ண வேண்டாம். பேச வாய் எழாமல் மறுமுனையில் ஒருவர் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு என்பதை இத்தொண்டில் பழகியவர்கள் நன்கு அறிவர். எந்த அறிக்கையிலும் காணக் கிடைப்பது அரிதாக உள்ள கணக்கு வேறொன்று: மணி அடித்து அடித்து ஓய்ந்த அழைப்புகள் எத்தனை, அவை இரவு எத்தனை மணிக்கு வந்தவை, ‘காத்திருக்கவும்’ என்ற குரலைக் கேட்டுக்கொண்டு எத்தனை நிமிஷம் நின்று பிறகு வைத்துவிட்டார்கள் என்பது. நம் மாநிலத்தின் 104 என்னும் உதவி எண் ஆகட்டும், 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண்ணாகிய 14416 ஆகட்டும், எடுத்த அழைப்போடு எடுக்காத அழைப்பையும் மாதந்தோறும் வெளியிடுமானால் அது மிகப் பெரிய நேர்மையாகும். ப்ளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆவல் உண்டு.

எடுத்த பின்னர் என்ன பேசப்படுகிறது? தொலைபேசித் தொண்டில் தலையாய விதி ஒன்று உண்டு: மறுமுனையில் இருப்பவர் சாவை எண்ணுகிறாரோ என்று ஐயம் எழுந்தால், சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகும் என்பது தவறான அச்சம் என்று ஆராய்ச்சிகள் பலவும் தெளிவாக்கியுள்ளன. கேட்கப்பட்டவர், இதைக் கேட்க ஒருவர் இருக்கிறாரே என்று பாரம் இறங்கினாற்போல் உணர்கிறார். விதி எல்லாருக்கும் தெரியும். நடப்பு எப்படி? கனடா தேசத்து மிஷாராவும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 14 மையங்களின் அழைப்புகளை, மையத்தாரின் இசைவோடு, உடனிருந்து கேட்டு ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். நெருக்கடியில் இருந்தோர் அழைத்த 1,431 அழைப்புகளுள் 723இல் தொண்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கப்பட்டவர்கள். கேட்க வேண்டும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட மையங்கள். பாதிக்கு மேல் கேட்கவில்லை! தொண்டர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ‘சாகணும்னு தோணுதாம்மா?’ என்ற கேள்வி, இழவு வீட்டில்கூட அமங்கலச் சொல்லைத் தவிர்த்துப் பழகிய நம் நாவில் எவ்வளவு கனக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் பயிற்சி வகுப்பில் எத்தனை நாள் அமர்ந்தார் என்று கேட்பதைவிட, பயிற்சி முடிந்து ஓராண்டு சென்ற பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கிறாரா என்று யாரேனும் உடனிருந்து கவனித்தார்களா என்று கேட்பது பயனுள்ளது. இதுவே மிஷாரா போன்றோரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய அளவுகோல்.

இனி, இச்சொற்பொழிவின் தலைப்பாக நான் வைத்துக்கொண்ட கேள்விக்கு வருகிறேன். அழைத்தவர், அல்லது ஒருமுறை முயன்று உயிர் பிழைத்தவர், பின்னர் என்ன ஆனார்?

இக்கேள்வியை நேருக்கு நேர் நின்று கேட்ட ஆராய்ச்சிகளுள் சிறந்தது ஒன்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம், பிரேசிலில் காம்பினாஸ், இலங்கையில் கொழும்பு, ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங், இந்தியாவில் சென்னை ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கியது. ஒரு பகுதியினர்க்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பகுதியினர்க்கு அச்சிகிச்சையோடு, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் தனியே அமர்ந்து பேசுதல். அதன்பின் பதினெட்டு மாத காலத்தில் ஒன்பது முறை, தொலைபேசியிலோ நேரில் சென்றோ, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தல். அவ்வளவே. புதிய மருந்து இல்லை, பெரிய நிபுணர் இல்லை. பதினெட்டு மாதம் சென்று பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவருள் 18 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தனர், விசாரிக்கப்பட்டவருள் இருவர். 2008இல் இம்முடிவு வெளியாயிற்று.

இங்கே நிறுத்திக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆராய்ச்சியின் மற்றொரு முடிவு இரண்டாண்டு கழித்து அச்சேறியது. அதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. மறுபடியும் உயிர்விட முயன்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணியபோது, ஒரு பகுதியில் நூற்றுக்கு 7.6, மறு பகுதியில் 7.5, வேற்றுமையே இல்லை. மரணம் குறைந்தது, முயற்சி குறையவில்லை. இது எப்படி? விசாரிக்க ஆள் இருந்ததால், முயன்றவர்களும் அதை மறைக்காமல் சொல்லிவிட்டார்கள் போலும். அல்லது முயன்றபோதே யாரையேனும் கூப்பிட்டுவிட்டார்கள் போலும். அல்லது மரணங்கள் தொகையிற் சிறியன ஆகையால் தற்செயலுக்கும் அதில் ஓர் இடம் இருந்திருக்கலாம். நான் முதல் இரண்டையும் மிகுதியாக நம்புகிறேன்; மூன்றாவதைக் கைவிடத் துணியவில்லை. மதிப்பிடுபவர் எந்த எண்ணை எடுத்துக்கொள்கிறாரோ அதற்கேற்பத் தொண்டு வென்றதாகவும் தோற்றதாகவும் தோன்றும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் ‘ஆளைத் தனியா விடாதீங்க’ என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லிவந்ததன் பக்கம் சாட்சியங்கள் மேலும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்னும் மருத்துவர், 1969 முதல், மனச்சோர்வினாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் இருந்து வெளிவந்து, மேற்கொண்டு சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்தவர்களுள் 843 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினர்க்கு ஐந்தாண்டுக் காலத்தில் இருபத்துநான்கு சிறு கடிதங்கள் எழுதினார். கடிதத்தில் உபதேசம் இல்லை. ‘சிகிச்சைக்கு வா’ என்ற வற்புறுத்தலும் இல்லை. நலமாயிருக்கிறீர்களென்று நம்புகிறோம், விரும்பினால் ஒரு வரி எழுதுங்கள் என்ற அளவே. முதல் இரண்டாண்டுகளில், கடிதம் பெற்றவரிடையே தற்கொலை தெளிவாகக் குறைந்திருந்தது. உதவியை மறுத்தவர்களிடமே இது பலித்தது என்பதுதான் இதன் சிறப்பு. தமிழ்நாட்டில், இலங்கையிலிருந்து வந்து முகாம்களில் தலைமுறையாக வாழ்ந்துவரும் ஏதிலியரிடையேயும், பயிற்சி பெற்ற சமூகத் தொண்டர்கள் அவ்வப்போது சென்று பார்ப்பதும், நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதை முன்கூட்டியே அட்டையில் குறித்து வைப்பதுமாகிய முறை ஒரு முகாமில் கையாளப்பட்டு, மற்றொரு முகாமோடு ஒப்பிடப்பட்டது. தொண்டர் சென்ற முகாமில் தற்கொலைச் செயல்கள் கூடுதலாகக் குறைந்தன.

இந்த இடத்தில் ஒரு தர்மசங்கடம் குறுக்கிடுகிறது. அழைத்தவர் என்ன ஆனார் என்று அறிய வேண்டுமானால் அவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். பெயர் கேட்கமாட்டோம், ஊர் கேட்கமாட்டோம் என்ற வாக்குறுதியை நம்பித்தான் பாதிப் பேர் அழைக்கவே துணிகிறார்கள். கணக்குக்காக அந்த வாக்கை மீறினால் அளக்கப்படும் பொருளே அழிந்துவிடும். இதில் என் கருத்து திட்டமானது: பெயர் சொல்லாதவரைப் பின்தொடரக் கூடாது, ஆனால் ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும், ‘நாளைக்கோ மறுநாளோ நாங்களே கூப்பிட்டு விசாரிக்கலாமா?’ என்று கேட்கலாம், கேட்க வேண்டும். எத்தனை பேரிடம் கேட்டார்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், சம்மதித்தவர்களுள் எத்தனை பேரை மெய்யாகவே கூப்பிட்டார்கள் என்னும் மூன்று எண்களும், ஆயிரமாயிரம் என்று பெருகிய அழைப்புத் தொகையைவிட எனக்கு அதிகம் சொல்லும்.

அளவுகோலைப் பற்றிய மற்றொரு மயக்கத்தையும் சொல்லி மேற்செல்கிறேன். பயன்பெற்றோர் மகிழ்ந்தார்களா என்று கேட்டு அதையே மதிப்பீடு என்பது ஒரு வழக்கமாகிவிட்டது. இலங்கையில் அனுராதபுரம் பகுதியில், பூச்சிமருந்தைப் பூட்டிவைக்கும் பெட்டிகளை வீடுதோறும் கொடுத்தால் அவசரத்தில் நேரும் சாவுகள் குறையும் என்று கருதி, 180 கிராமங்களை எடுத்துப் பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி வழங்கினார்கள். முன்னோட்டமாகச் செய்த சிறு முயற்சிகளில் ஜனங்கள் பெட்டியை விரும்பி ஏற்றிருந்தார்கள். நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், வீட்டில் வையாமல் ஊர்ப் பொதுவில் ஒரு காப்பறை அமைத்துப் பார்த்தபோதும் உழவர்கள் அதனை ஏற்றுக்கொண்டார்கள். அனுராதபுரத்து முடிவு 2017இல் வந்தது: இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையை மூன்றாண்டு பின்தொடர்ந்தும், பெட்டி இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் கருதத்தக்க வேற்றுமை இல்லை. மகிழ்ச்சி மெய், பெட்டி மெய், பயன் இல்லை. அதே இலங்கையில், 1995இல் மிகுநச்சு மருந்துகளையும் 1998இல் எண்டோசல்பானையும் அரசு தடைசெய்தபின், பத்தாண்டுக்குள் தற்கொலை விகிதம் பாதியாயிற்று. சுமித்ரயோத் தொண்டர்கள் தடைக்கு முன்னும் பின்னும் ஒரே விதமாக உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தேச விகிதத்தைக்கொண்டு அவர்களை அளந்திருந்தால் 1995வரை உதவாக்கரை என்றும் அதன்பின் அற்புதம் என்றும் பட்டம் கொடுத்திருப்போம். இங்கிலாந்தில் கண்ட கூத்து, வேறு வேடத்தில்.

யார் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வந்தவர்களைக்கொண்டே வரையப்படும் மதிப்பீடு எப்போதும் இனிமையாக இருக்கும். தனக்கென்று ஒரு கைபேசி இல்லாமல் கணவன் கையில் இருப்பதையே நாட வேண்டியிருக்கும் பெண், காது மந்தமான கிழவர், தமிழ் அறியாது திருப்பூரில் தறியோட்டும் ஒடியா இளைஞன் ஆகியோர் எந்த அறிக்கையின் அட்டவணையிலும் இல்லை. அவர்களைத் தேட ஸ்தாபனம் என்ன செய்தது என்று கேட்காமல் வந்தவர்களின் திருப்தியை மட்டும் கேட்டு எழுதுவது அரை மதிப்பீடு.

இறுதியாக, மதிப்பிடக் கிளம்பும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் முதற் பயணம் தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முயன்று பிழைத்தவர்கள் வந்து சேரும் இடம் அதுவே. மீண்டும் அபாயம் நேரக்கூடியவர் யார் என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரை மிகுந்த மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது; 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டம் மாறியபோது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த அதன் 309ஆம் பிரிவும் ஒழிந்தது. சட்டம் மாறியது வார்டில் படுத்திருப்பவரின் தாய்க்குத் தெரியாது. போலீசு வருமே என்று அஞ்சி, தவறிப்போய்க் குடித்துவிட்டான் என்றே அவள் இன்றும் சொல்கிறாள். விலாசம் கேட்டால் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்கிறாள், கைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிச் சொல்கிறாள். சென்னையும் பங்கு கொண்டதாக முன்னர்ச் சொன்ன ஆராய்ச்சியில் முதல் விசாரிப்பு, வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே சென்ற மாதத்து டிஸ்சார்ஜ் பதிவேட்டை எடுத்து வைக்கச் சொல்லி, அதில் உள்ள எண்களுள் எத்தனை மெய்யான எண்கள், அவற்றுள் எத்தனைக்கு அந்த முதல் வாரத்தில் யாராவது ஒருவர் போன் செய்தார், அதற்கென்று அங்கே ஓர் ஆளை யாராவது நியமித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.